தைராய்டு கட்டி: மறுபடி ஊசியா, ஜீன் டெஸ்ட்டா, ஆபரேஷனா?

கழுத்தில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசி குத்தி செல் எடுத்துப் பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டைப் பிரித்தால் "பெதெஸ்டா 3" அல்லது "பெதெஸ்டா 4" என்று இருக்கிறது. பெதெஸ்டா என்பது ஊசி ரிப்போர்ட்டை ஆறு வகையாகப் பிரிக்கும் முறை. புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குடும்பம் திண்டாடுவது இந்த இடத்தில்தான். உறவுக்காரர் ஒருவர் "எதுக்கு வம்பு, எடுத்துப் போட்டுருங்க" என்பார். இன்னொருவர் ஜீன் டெஸ்ட் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருப்பார். லேப்பில் "கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்" என்று ஒன்றை நீட்டுவார்கள். பணமும் நாளும் செலவாகும், கேள்வி அப்படியே நிற்கும்.

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விடை ஆம் என்று வந்தால் என்ன செய்வீர்கள், இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த டெஸ்ட் வேண்டாம். இந்த ஒரு அளவுகோலை வைத்தே கீழே உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடுகிறோம்.

முதலில் ஒரு தவறான செலவைத் தள்ளிவிடலாம். ஆபரேஷனுக்கு முன்னால் தைரோகுளோபுலின் பார்ப்பது கட்டி நல்லதா கெட்டதா என்று சொல்லாது. அது தைராய்டு செல்கள் எல்லாமே சுரக்கும் புரதம். சாதாரணக் கழலையிலும் கூடும், தைராய்டு அழற்சியிலும் கூடும், ஊசி குத்திய மறுநாளும் கூடும். அது நோயைக் காட்டும் மார்க்கராக வேலை செய்வது சுரப்பி முழுவதையும் எடுத்த பிறகுதான். அதுவரை அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும்.

பெதெஸ்டா எண் என்ன சொல்கிறது

2023இல் வந்த அந்த முறையின் மூன்றாம் பதிப்பின்படி பெரியவர்களுக்குப் புற்றுநோய் இருக்கும் சராசரி வாய்ப்பு இப்படி: வகை 1, அதாவது செல் போதாது, 13 சதவீதம், வகை 2, தீங்கற்றது, 4, வகை 3, தெளிவில்லாத மாற்றம், 22, வகை 4, ஃபாலிக்குலர் கட்டி, 30, வகை 5, பலத்த சந்தேகம், 74, வகை 6, புற்றுநோய், 97. வகை 2க்கும் 6க்கும் பெரிய விவாதம் இல்லை. 3, 4, 5 மூன்றுக்கும் ஒரே மருந்துச்சீட்டு கிடையாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வகை 3 என்றால் முதல் வழி: அதே கட்டியில் மறுபடி ஊசி

மறு ஊசியில் கணிசமான கட்டிகள் வகை 2க்கு இறங்கிவிடும். செலவு குறைவு, நம் மதுரையிலேயே முடியும். ஆனால் மறுபடியும் அதே மாதிரி குத்தினால் மறுபடியும் அதே ரிப்போர்ட்தான் வரும். என்ன மாற வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கையால் தடவிப் பார்த்துக் குத்தாமல், அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே குத்த வேண்டும். ஊசி 25 முதல் 27 கேஜ் வரை மெல்லியதாக இருப்பது நல்லது. தடித்த ஊசி போட்டு, சிரிஞ்சை பலமாக இழுத்தால் தைராய்டில் இருந்து வருவது பெரும்பாலும் ரத்தம்தான். ஸ்லைடு சிவப்பாக இருக்கும், செல் இருக்காது. சிரிஞ்ச் இழுக்காமல், ஊசியை மட்டும் கட்டிக்குள் மேலும் கீழும் அசைத்து, தானாக ஏறும் செல்லை எடுக்கும் முறையில் ரத்தம் குறையும். நீர்கோர்த்த கட்டியாக இருந்தால் நீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போகக் கூடாது. சுவரில் ஒட்டியிருக்கும் கெட்டியான பகுதியில்தான் விஷயம் இருக்கும். அங்கே குத்த வேண்டும். மூன்று நான்கு இடங்களில் எடுப்பது வழக்கம். ஒரு மாதிரி போதுமானது என்று சொல்ல, ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 செல் கொண்ட 6 கூட்டங்களாவது ஸ்லைடில் தெரிய வேண்டும்.

ஸ்லைடில் தேய்த்த கையோடு சிலவற்றை 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும், சிலவற்றைக் காற்றில் உலரவிட வேண்டும். ஆல்கஹாலில் போட வேண்டியதை ஒரு நிமிடம் மேஜையில் விட்டாலும் போதும். செல் காய்ந்து உப்பி, உட்கரு வெளிறி, நல்ல செல்லே சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். மின்விசிறி சுழலும் அறையில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். இப்படி உலர்ந்துபோன ஸ்லைடும் சில வேளை "வகை 3" ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பதை ஃபார்மலினில் கழுவி செல் பிளாக், அதாவது செல்லை மெழுகில் பதித்த துண்டு, செய்யச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் கால்சிடோனின் சாயமோ பி-ராஃப் சாயமோ (இரண்டும் என்ன என்பது கீழே வரும்) போட வேண்டுமென்றால் அந்த பிளாக்தான் உதவும்.

இரண்டாம் வழி: ஸ்லைடை இன்னொருவர் பார்ப்பது

பலர் இதை நினைப்பதே இல்லை. இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இதுதான். தைராய்டு ஸ்லைடு தினமும் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் ஒருவர் அதே கண்ணாடியைப் பார்த்தால் வகை 3 சில வேளை 2 ஆகும், சில வேளை 5 ஆகும். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. ஸ்லைடே போக வேண்டும். கொடுத்த லேப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டியில் வைத்து, துணியால் சுற்றி எடுத்துப் போங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிற அவசரத்தில் சட்டைப்பையில் போட்ட ஸ்லைடு உடைந்தால் அதே செல் திரும்பக் கிடைக்காது. பழைய ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள். கட்டியின் முகம் தெரியாமல் செல்லை மட்டும் பார்ப்பவர் கொஞ்சம் பயந்துதான் எழுதுவார்.

வகை 4க்கு இந்த இரண்டு வழியும் அவ்வளவாகக் கைகொடுக்காது. காரணம் எளிது. ஃபாலிக்குலர் அடினோமா என்ற சாதாரணக் கட்டிக்கும் ஃபாலிக்குலர் புற்றுநோய்க்கும் செல் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம், கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக் குழாயையோ செல் துளைத்துப் போயிருக்கிறதா என்பதில்தான். ஊசியில் உறை வராது. எத்தனை முறை குத்தினாலும் தெரியாதது தெரியாததுதான். ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் ஃபுரோசன் செக்‌ஷனும் இந்த வகையில் அதிகம் உதவுவதில்லை.

மூன்றாம் வழி: ஊசி மாதிரியில் ஜீன் டெஸ்ட்

"ஜீன் டெஸ்ட்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் இதற்குள் வேறு வேறு டெஸ்ட்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

ஒற்றை ஜீன் டெஸ்ட்டில் பெரும்பாலும் பார்ப்பது பி-ராஃப் என்ற ஜீனில் வரும் வி600ஈ மாற்றம். தைராய்டில் அதிகம் வரும் பாபிலரி வகைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மாற்றம் இருக்கும். இருந்தால் புற்றுநோய் என்பது கிட்டத்தட்ட உறுதி. இல்லை என்றால் எதுவும் உறுதியில்லை. மீதிப் பாதியாக இருக்கலாம். வகை 5க்கு இது பயன்படும். வகை 3இலும் உட்கருவில் பாபிலரி சாயல் இருப்பதாக ரிப்போர்ட் சொன்னால் பயன்படலாம். வகை 4இல் இந்த மாற்றம் அரிது. அங்கே "நெகட்டிவ்" வந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்தால் அது பொய் நிம்மதி. வகை 6இல் விடை ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆபரேஷனுக்கு முன் இது புதிதாக எதையும் சொல்லாது.

அடுத்தது பல ஜீன் பேனல். ராஸ், ரெட், என்.டி.ஆர்.கே. இணைவுகள் (இரண்டு ஜீன் ஒட்டிக்கொள்வது), பாக்ஸ்8-பிபார்ஜி, டெர்ட் என்ற ஜீன் மாற்றங்கள் எல்லாம் அதில் வரும். அமெரிக்காவில் புழங்கும் தைரோசெக் 112 ஜீன்களைப் பார்க்கிறது, அஃபிர்மா ஆர்.என்.ஏ. வெளிப்பாட்டை, அதாவது எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்பதைப் பார்க்கிறது. இங்கே செய்யும் பேனல்கள் இவற்றின் நகல் அல்ல. ஒன்றில் நிரூபித்த எண்களை இன்னொன்றின் விளம்பரத்தில் பார்த்தால் நம்பிவிடாதீர்கள். "இந்தப் பேனலை ஊசி மாதிரியில், வகை 3, 4இல் சோதித்த முடிவு என்ன" என்று கேளுங்கள்.

எண்ணை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. தைரோசெக்கின் வெளியான ஆய்வில் புற்றுநோயைப் பிடிக்கும் திறன் 94 சதவீதம், நல்ல கட்டியை நல்லது என்று சொல்லும் திறன் 82 சதவீதம். வகை 3 ரிப்போர்ட் உள்ள 100 பேரை எடுத்துக்கொள்வோம். 22 பேருக்குப் புற்றுநோய். டெஸ்ட் 21 பேரைப் பிடிக்கும், ஒருவரை விடும். மீதி 78 பேரில் 64 பேருக்கு "நெகட்டிவ்" வரும், 14 பேருக்குப் பொய்யாக "பாசிட்டிவ்" வரும். ஆகப் பாசிட்டிவ் வந்த 35 பேரில் உண்மையில் நோய் 21 பேருக்கு. நெகட்டிவ் வந்த 65 பேரில் ஒருவருக்கு. அதாவது இந்த டெஸ்ட்டின் பலம் நெகட்டிவில் இருக்கிறது: 65 பேர் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடிகிறது. பாசிட்டிவ் வந்தவருக்கு எப்படியும் ஆபரேஷன்தான்.

இதே டெஸ்ட்டை, வகை 3 என்று எழுதியதில் பாதிப் பேருக்குப் புற்றுநோய் வரும் ஒரு லேப்பின் மாதிரியில் செய்தால்? 50இல் 3 பேரை விடும், 41 பேருக்குச் சரியான நெகட்டிவ். நெகட்டிவ் வந்த 44 பேரில் 3 பேருக்கு நோய், ஏறக்குறைய 7 சதவீதம். டெஸ்ட் மாறவில்லை, அதன் வாக்குறுதி மாறிவிட்டது. ஆகவே உங்கள் ஊசியைப் படித்த லேப்பில் வகை 3, 4 எத்தனை புற்றுநோயாக முடிகிறது என்பது ஜீன் டெஸ்ட்டின் மதிப்பையும் தீர்மானிக்கிறது.

ராஸ் பாசிட்டிவ் வந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. ராஸ் மாற்றம் ஃபாலிக்குலர் புற்றுநோயிலும் இருக்கும், ஒன்றும் செய்யாத அடினோமாவிலும் இருக்கும். அதை வைத்து இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு பக்கம் எடுத்துப் பார்க்கச் சொல்லும் விடை.

நடைமுறையில் மதுரையில் எடுக்கும் மாதிரி பெரும்பாலும் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று வெளியூர் போய்தான் வரும். பேனல் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம். மாதிரியில் கட்டி செல் மிகக் குறைவாக இருந்தால் "போதவில்லை" என்றே திரும்பும். ஜீனை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பழைய சாங்கர் முறைக்கு மாதிரியில் மாற்றமடைந்த ஜீன் 15 முதல் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் இருப்பதே தெரியாது.

நான்காம் வழி: ஒரு பக்கம் மட்டும் எடுப்பது

இது சிகிச்சை மட்டும் அல்ல, பரிசோதனையும்தான். உறை முழுவதும் பேத்தாலஜி மேஜைக்குப் போய்விடுகிறது. குரல்நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கும் வாய்ப்பு அனுபவமுள்ள கையில் நூறில் ஒன்றிரண்டு. கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் நிரந்தரக் கால்சியம் குறைவு வருவது அரிது. ஐந்தில் ஒருவருக்குப் பிறகு தைராக்சின் மாத்திரை தேவைப்படும். புற்றுநோய் என்று வந்தாலும், 4 செ.மீ.க்குள், தைராய்டுக்குள்ளேயே, கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் பரவாமல் இருந்தால் அதோடு முடிந்துவிடவும் கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. ஆனால் வெளியே அனுப்பும் ஜீன் டெஸ்ட் அந்தப் பேக்கேஜுக்குள் வருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்பே கேட்டுவிட வேண்டும்.

எங்கள் தேர்வு இப்படி. வகை 3, கட்டி சிறிது, ஸ்கேனில் பெரிய பயம் இல்லை: ஸ்லைடு மறு பார்வை, பிறகு சரியான முறையில் மறு ஊசி, அதுவும் 3 என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஸ்கேன். இரண்டு அளவுகளில் 20 சதவீதமும், குறைந்தது 2 மி.மீ.யும் வளர்ந்தால்தான் வளர்ச்சி என்று கணக்கு, ஒரு மி.மீ. கூடியதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். வகை 4, கட்டி பெரிது, விழுங்கும்போது தொந்தரவு, நோயாளி எப்படியும் எடுத்துவிட விரும்புகிறார்: நேரடியாக ஒரு பக்கம் எடுப்பது. பேனலுக்குக் கட்டும் பணத்தில் ஆபரேஷன் செலவின் ஒரு பெரும் பகுதி ஈடாகிவிடும். பேனலை நாங்கள் சொல்வது, நெகட்டிவ் வந்தால் உண்மையில் ஆபரேஷனை நிறுத்தும் ஆளுக்கு: இதயம் பலவீனமான முதியவர், ஏற்கெனவே ஒரு பக்கம் எடுத்தவர், எதிர்ப்பக்கக் குரல்நாண் ஏற்கெனவே செயலிழந்தவர். இவர்களுக்கு அது விலைமதிப்புள்ளது.

கால்சிடோனின்: எல்லோருக்குமா, சிலருக்கா?

தைராய்டில் இரண்டு வகைச் செல். அயோடினை எடுத்து ஹார்மோன் செய்வது ஒன்று. கால்சிடோனின் சுரக்கும் சி செல் இன்னொன்று. சி செல்லில் வருவது மெடுல்லரி புற்றுநோய். தைராய்டு புற்றுநோய்களில் இது மிகச் சிறு பங்கு. ஆனால் ஊசிப் பரிசோதனை இதை ஏறக்குறைய பாதி வேளை தவறவிடுகிறது. தெரியாமல் ஒரு பக்கம் எடுத்தால் சிகிச்சையே குறை. மெடுல்லரிக்கு முழு தைராய்டோடு கழுத்தின் நடுக் கணுக்களையும் எடுக்க வேண்டும். கதிரியக்க அயோடின் வேலை செய்யாது, ஏனென்றால் சி செல் அயோடினை எடுப்பதில்லை. தைரோகுளோபுலினும் மார்க்கர் ஆகாது.

எல்லாக் கட்டிக்கும் கால்சிடோனின் பார்க்கலாமா என்பதில் உலகளவில் ஒருமித்த முடிவு இல்லை. 2015 அமெரிக்க வழிகாட்டி இரு பக்கமும் சாயவில்லை. நாங்கள் சிலருக்கு என்ற பக்கம்: ஊசி ரிப்போர்ட் குழப்பம், சந்தேகம் அல்லது புற்றுநோய் என்று வந்து ஆபரேஷனுக்குப் போகிறவர், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய், அட்ரினல் (சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி) கட்டி, திடீரென்று ஏறும் ரத்த அழுத்தம், படபடப்பு, வியர்வை, காரணமில்லாத நாள்பட்ட வயிற்றுப்போக்கு. இவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் ஒரு முறை பார்ப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மாதிரி கையாள்வதில்தான் இங்கே தவறு நடக்கிறது. கால்சிடோனின் அறை வெப்பத்தில் சிதையும். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ காலையில் எடுத்த ரத்தம், சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் மதியம் வரை சுற்றி மதுரை லேப்புக்கு வந்தால், எண் உண்மையைவிடக் குறைவாக வரும். குறைவான எண் பயத்தைத் தராது, அதுதான் ஆபத்து. மதுரைக்கே வந்து, எடுத்ததும் ஐஸில் வைத்து, உடனே பிரித்து உறைய வைக்கும் லேப்பில் கொடுங்கள். வெறும் வயிற்றில் காலையில் கொடுத்தால் ஒப்பிடுவதும் எளிது.

100 பிகோகிராம்/மி.லி.க்கு மேல் என்றால் மெடுல்லரி என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். 500க்கு மேல் என்றால் கழுத்துக்கு வெளியே பரவல் இருக்கிறதா என்று தேட வேண்டும். குழப்பம் 10க்கும் 100க்கும் இடையில். சிறுநீரகக் கோளாறு, புகைப்பழக்கம், தினமும் விழுங்கும் "கேஸ் மாத்திரை", அதாவது பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை, இவையும் உயர்த்தும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி மறுபடி பாருங்கள். அந்த இடைப்பட்ட எண்ணைப் பார்த்தவுடன் கத்தி எடுக்கக் கூடாது.

மெடுல்லரி என்று உறுதியானால் கால்சிடோனினோடு சி.இ.ஏ. என்ற இன்னொரு ரத்த மார்க்கரையும் சேர்த்துத் தொடர வேண்டும். எண் இரட்டிப்பாக எத்தனை நாள் ஆகிறது என்பதே முக்கியம். 6 மாதத்துக்குள் இரட்டித்தால் நோய் வேகமானது. 2 ஆண்டுக்கு மேல் எடுத்தால் நிதானமானது. சி.இ.ஏ. ஏறி கால்சிடோனின் இறங்கினால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். செல் தன் இயல்பை இழந்து கெட்டதாகிறது என்ற அறிகுறி அது.

ரெட் ஜீன்: இங்கே தேர்வு கிடையாது

மேலே சொன்ன ஜீன் டெஸ்ட்டுகள் எல்லாம் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கலாம். மெடுல்லரி என்று பேத்தாலஜி சொன்ன ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் ரெட் ஜீன் பார்ப்பது மட்டும் யோசிக்க வேண்டியதில்லை. நான்கில் ஒருவருக்கு இது ரெட் மாற்றத்தால் வரும் பரம்பரை நோய். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை" என்பது தள்ளுவதற்குக் காரணம் ஆகாது. குடும்ப வரலாறே இல்லாதவர்களிலும் சிலருக்கு ரத்தத்தில் மாற்றம் கிடைக்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறு, கட்டியின் பிளாக்கில் ரெட் பார்த்துவிட்டு முடிந்தது என்று விடுவது. கட்டியில் மட்டும் வந்த மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது. பரம்பரையானது ரத்தத்திலும் இருக்கும். எம்918டி என்ற மாற்றம் பரம்பரை இல்லாத கட்டிகளிலும் பரவலாக இருப்பது. ஆகவே கட்டியில் பாசிட்டிவ் என்று வந்தாலும் ரத்தம் பார்க்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடிக் குழாயில் 3 முதல் 5 மி.லி. போதும். ஹெபாரின் குழாயில் எடுத்தால் ஜீனைப் பெருக்கிப் படிக்கும் பி.சி.ஆர். தடுமாறும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். கால்சிடோனினைப் போல ஐஸ் தேவையில்லை. இந்த மாதிரி சில நாள் பயணத்தைத் தாங்கும்.

எந்த டெஸ்ட்? குறைந்த செலவு, ஜீனின் எக்சான் என்ற பகுதிகளில் 10, 11, 13, 14, 15, 16 ஆறையும் சாங்கர் முறையில் படிப்பது. அறியப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை அங்கேயே இருக்கின்றன. பேனல் எடுத்தால் முழு ஜீனும் வரும், ஆனால் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்ற சொல்லும் கூட வரும். அந்தச் சொல்லை வைத்து யாருடைய தைராய்டையும் எடுக்கக் கூடாது.

பாதிக்கப்பட்டவரிடம் ஒரு மாற்றம் கிடைத்தால், உறவினர்களுக்கு முழு டெஸ்ட் தேவையில்லை. அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு பல மடங்கு குறையும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் நோயாளி, பிறகு உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள். பணமில்லை என்று பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கால்சிடோனின் பார்த்து வருவது சிக்கனம் போலத் தெரியும். அப்படி அல்ல. ஒரு முறை ஜீன் மாற்றம் இல்லை என்று வந்த பிள்ளை வாழ்நாளுக்கும் விடுதலை. ஆண்டுதோறும் ஊசியும் கவலையும் அதற்கு எதற்கு? இருக்கிறது என்று வந்த பிள்ளைக்கு வயது கணக்கு இருக்கிறது. 2015 வழிகாட்டியின்படி எம்918டி என்றால் முதல் ஆண்டிலேயே, சி634 என்றால் 5 வயதுக்குள் தைராய்டு எடுக்க வேண்டும். குறைந்த தீவிர மாற்றங்களுக்குக் கால்சிடோனின் ஏறுவதைப் பார்த்து முடிவு. எம்918டி உள்ள குழந்தைக்கு நாக்கிலும் உதட்டிலும் சிறு முண்டுகள், மெலிந்து நீண்ட உடல்வாகு, அழுதாலும் கண்ணீர் வராதது, தீராத மலச்சிக்கல் தெரியும். இதைக் கண்டால் ஜீன் ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் நிபுணரைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அட்ரினலில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற, ரத்த அழுத்தத்தை ஏற்றும் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதையும் தவறவிடாதீர்கள். அதற்கான டெஸ்ட், ரத்த மெட்டாநெஃப்ரின் அல்லது 24 மணி நேரச் சிறுநீர் மெட்டாநெஃப்ரின். சி634 உள்ளவர்களில் பாதிப் பேருக்கு வாழ்நாளில் அது வரக்கூடும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். உயிர் போன சம்பவங்கள் மருத்துவ நூல்களில் உண்டு. இருந்தால் அதை முதலில் எடுத்து, பிறகுதான் தைராய்டு.

நம் பக்கத்தில் சொந்தத்தில் கல்யாணம் அதிகம். ஒரு தாய்க்கு ரெட் மாற்றம் இருந்தால் அவர் மகளுக்கு 50 சதவீதம். அவர் உடன்பிறந்த தம்பிக்கும் பெற்றோர் வழியில் வந்திருந்தால் அதே வாய்ப்பு. அந்த மகளைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்து, இருவருக்கும் மாற்றம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 75 சதவீதம். ஆகவே குடும்ப மரம் வரையும்போது "அப்பா பக்கம், அம்மா பக்கம்" என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால் போதாது. யாருக்கு யார் என்ன முறை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பொண்ணு கல்யாணம் நின்றுபோகும் என்று ரிப்போர்ட்டை மறைக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் மறைத்த ரிப்போர்ட் அந்தப் பொண்ணின் குழந்தையைத்தான் தண்டிக்கும். யாரிடம் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று ஜெனடிக் கவுன்சலரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பாபிலரி, ஃபாலிக்குலர் குடும்பங்களுக்கு இப்படி ஒற்றை ஜீன் டெஸ்ட் கிடையாது. மூன்று பேர் நெருங்கிய உறவில் இருந்தால் ஸ்கேன் பார்ப்பது போதும். குடலில் நிறைய பாலிப், பெரிய தலை, மார்பகக் கட்டிகள் என்று கூடவே வேறு அடையாளங்கள் இருந்தால்தான் ஏ.பி.சி., பி.டி.இ.என்., டைசர்1 என்ற ஜீன்கள் பக்கம் போக வேண்டும்.

எடுத்த பிறகு: தைரோகுளோபுலினை நம்புவது எப்படி

பாபிலரி, ஃபாலிக்குலர் புற்றுநோயில் முழுச் சுரப்பியும் எடுத்து கதிரியக்க அயோடினும் கொடுத்த பிறகு தைரோகுளோபுலின் 0.2 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே இருந்தால் நல்ல நிலை. தைராய்டு மாத்திரை நிறுத்தியோ, ஆர்.எச்.டி.எஸ்.எச். என்ற செயற்கை டி.எஸ்.எச். ஊசி போட்டோ, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சை ஏற்றிப் பார்த்தால் 1க்குக் கீழே. நன்றாகத் தேறியவர்களுக்கு ஊசி, மாத்திரை நிறுத்துவது எல்லாம் பெரும்பாலும் தேவையில்லை. உணர்திறன் கூடிய சாதாரண டெஸ்ட்டே போதும். மாத்திரையை 3, 4 வாரம் நிறுத்தினால் மந்தம், குளிர், எடை ஏறுதல் எல்லாம் வரும். அந்தச் சிரமத்துக்கு ஈடான விடை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ஆபரேஷன் முடிந்து 6 முதல் 12 வாரம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய புரதத்தின் எச்சமே தெரியும். ஒவ்வொரு முறையும் கூடவே தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டி-டி.ஜி. ஆன்டிபாடியும் டி.எஸ்.எச்.சும் வேண்டும். தைராய்டு புற்றுநோயாளிகளில் நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த ஆன்டிபாடி இருக்கும். இருந்தால் தைரோகுளோபுலின் பொய்யாகக் குறைந்து காட்டும். அப்போது ஆன்டிபாடியின் ஏற்ற இறக்கத்தையே மார்க்கராக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே லேப், ஒரே மெஷின். லேப் மாறினால் பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது. முடி உதிர்கிறது என்று பயோட்டின் 5, 10 மி.கி. சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன் நிறுத்தாவிட்டால் சில மெஷின்களில் தைரோகுளோபுலினும் டி.எஸ்.எச்.சும் பொய்யாகக் குறையும், ஆன்டிபாடி பொய்யாகக் கூடும். லேப்பில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கழுத்துக் கணுவில் சந்தேகம் வந்தால் ஊசியோடு நிறுத்தாமல் அந்த ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி அதில் தைரோகுளோபுலின் பார்க்கச் சொல்லுங்கள். 10 நானோகிராமைத் தாண்டினால் பரவல் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்லைடில் செல் இல்லாவிட்டாலும் இந்த அலசல் பேசிவிடும்.

நோய் முற்றியவர்களுக்கு

அனாபிளாஸ்டிக் என்ற மிக வேகமான தைராய்டு புற்றுநோய் என்றால் நாள் கணக்கே வேறு. பேனலுக்கு மூன்று வாரம் காத்திராமல், பிளாக்கில் வி.இ.1 என்ற சாயம் போட்டு ஓரிரு நாளில் பி-ராஃப் வி600ஈ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மருந்து வாய்ப்பு திறக்கும். 2018இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி வந்தது. அயோடின் எடுக்காத பாபிலரி, பரவிய மெடுல்லரி இவற்றுக்குப் பேனல் பொருத்தமானது. ஆனால் டி.என்.ஏ. மட்டும் படிக்கும் பேனல் ரெட், என்.டி.ஆர்.கே. இணைவுகளைத் தவறவிடலாம், ஆர்.என்.ஏ.யும் படிக்கிறதா என்று கேளுங்கள். அந்த இணைவு கிடைத்தால்தான் செல்பெர்காட்டினிப், லாரோடிரெக்டினிப் போன்ற மருந்துக்கு வழி.

இந்த டெஸ்ட்டுகள் எல்லாம் நிற்பது பிளாக்கின் தரத்தில். ஆபரேஷன் அறையில் கட்டியை எடுத்ததும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில், கட்டியைப்போல் பத்து மடங்கு அளவில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல். பஃபர் இல்லாத ஃபார்மலினில் சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை என்று ஊறிக் கிடந்த கட்டியில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். பேத்தாலஜி ரிப்போர்ட்டை வாங்கும்போது பிளாக் எண்ணையும் எழுதி வாங்குங்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜீன் டெஸ்ட்டுக்குக் கொடுக்கும்போது பேத்தாலஜிஸ்ட் கையால் "கட்டி செல் அதிகமுள்ள பிளாக் இது" என்று குறித்துத் தரச் சொல்லுங்கள்.